மனநல மாத்திரை எடுக்கிறேன், குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு பைபோலார், அதாவது அளவுமீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு, இருக்கிறது என்று சொன்னபோது வயது 21. இப்போது 38. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மாத்திரை எடுத்துக்கொண்டே அவளைப் பெற்றேன் என்று தெரிந்ததிலிருந்து, இதே நிலையில் இருக்கும் பெண்கள் ஒருவர் சொல்லி ஒருவர் எனக்குப் போன் செய்கிறார்கள். பாதிப்பேர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் பேசுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மாத்திரையையும் அளவையும் மாற்ற வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

அக்கா, மாத்திரை எடுக்கும் நான் குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா?

பெரும்பாலானவர்களால் முடியும். மனநல மாத்திரைகளில் பல, கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடியவை. சிலவற்றின் அளவை மாற்ற வேண்டும், ஒன்றிரண்டை முன்கூட்டியே விட்டாக வேண்டும். எந்த மாத்திரையும் எடுக்காத பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் 100-க்கு 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறை இருக்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். "இந்த மாத்திரையால் ஆபத்து" என்று யாராவது சொன்னால், அந்த 2, 3 என்பது எவ்வளவாகக் கூடுகிறது என்று கேளுங்கள்.

நாள் தள்ளிப்போனதும் மாத்திரையை நிறுத்திவிட்டால் போதாதா?

என்னிடம் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டிருந்த திட்டம் இதுதான். நல்ல எண்ணத்தில்தான் அப்படி நினைக்கிறார்கள், ஆனால் கணக்கு இடிக்கிறது.

கரு உண்டான நாளிலிருந்து ஏறக்குறைய 28 நாளில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் மூடிவிடுகிறது. உங்களுக்கு நாள் தள்ளிப்போவதற்குள் அதில் 14 நாள் கழிந்திருக்கும். "இந்த மாசம் கொஞ்சம் லேட், பார்ப்போம்" என்று ஒரு வாரம், மெடிக்கல் ஷாப்பில் கார்டு வாங்கி டெஸ்ட் பண்ண நான்கு நாள், டாக்டரைப் பார்க்க இன்னொரு நான்கு நாள். 28 நாள் முடிந்தே போயிருக்கும். இதயம் உருவாகும் வேலையும் நடந்துகொண்டிருக்கும். அதனால் அப்போது நிறுத்துவதால் குழந்தைக்குக் கிடைக்கும் லாபம் குறைவு, உங்களுக்கு வரும் நஷ்டமோ பெரிது.

அந்த நஷ்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. பைபோலார் உள்ள 89 கர்ப்பிணிகளைக் கவனித்த ஒரு அமெரிக்க ஆய்வு 2007-ல் வெளியானது. மாத்திரையை நிறுத்தியவர்களில் 100-க்கு 86 பேருக்குக் கர்ப்ப காலத்திலேயே நோய் திரும்பியது. தொடர்ந்து எடுத்தவர்களில் அது 37. திடீரென்று நிறுத்தியவர்களில் பாதிப்பேருக்கு இரண்டே வாரத்தில் திரும்பிவிட்டது, மெதுவாகக் குறைத்தவர்களில் பாதிப்பேருக்குத் திரும்ப 22 வாரம் பிடித்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் பெண்களைப் பற்றி 2006-ல் வந்த ஆய்வில் நிறுத்தியவர்களில் 68, தொடர்ந்தவர்களில் 26.

நோய் திரும்பினால் தூக்கம் போகிறது, சாப்பாடு போகிறது, செக்கப்புக்குப் போவது நிற்கிறது. கடைசியில் பல மாத்திரைகளைக் கூடுதல் அளவில் கொடுத்துத்தான் அடக்க வேண்டிவரும். குழந்தைக்கு ஒரு மாத்திரை வேண்டாம் என்று நினைத்தது நான்கு மாத்திரையில் போய் முடிகிறது.

அப்படியானால் எப்போது தொடங்க வேண்டும்?

கர்ப்பமாக முயல்வதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் முன்பே. கல்யாணம் பேசத் தொடங்கும்போதே கேட்டுவைத்தால் இன்னும் நல்லது. மாத்திரையை மாற்ற வேண்டுமென்றால் பழையதை மெதுவாகக் குறைத்துப் புதியதை ஏற்ற வேண்டும். அப்புறம் புதிய மாத்திரையில் நீங்கள் நிலையாக இருக்கிறீர்களா என்று சில மாதம் பார்க்க வேண்டும். எனக்கு மாற்ற நான்கு மாதம், காத்திருக்க ஆறு மாதம் ஆனது.

அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள்: கார்பமாசெபின் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். லாமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கோ, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தத்தில் லாமோட்ரிஜின் அளவைக் குறைத்துவிடும். காப்பர்-டி போட்டால் இந்தச் சிக்கல் கிடையாது.

எனக்கு வால்ப்ரோயேட் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்தா?

ஆம். இந்தப் பக்கத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது, பைபோலாருக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் இந்த ஒரு மருந்தைப் பற்றித்தான்.

உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கொட்டை எழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும், அதன் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அங்கே சோடியம் வால்ப்ரோயேட், வால்ப்ராயிக் ஆசிட், டைவால்ப்ரோயெக்ஸ் என்று எது இருந்தாலும் எல்லாம் ஒன்றுதான். கர்ப்ப காலத்தில் இதை எடுத்தவர்களின் குழந்தைகளில் 100-க்கு சுமார் 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கிறது: திறந்த தண்டுவடம், பிளவு உதடு, இதயக் கோளாறு போன்றவை. அதைவிட அதிகமாக, 100-க்கு 30 முதல் 40 குழந்தைகளுக்கு நடப்பது, பேசுவது, படிப்பது தாமதப்படலாம். ஆட்டிசம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஸ்கேனில் தெரியாத பாதிப்பு இது.

பிரிட்டனில் 2018 முதல், கருத்தடைத் திட்டம் ஒன்றில் சேர்க்காமல் குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு இதைத் தரக் கூடாது. 2024-ல் அதை இன்னும் இறுக்கி, 55 வயதுக்குக் கீழே யாருக்குப் புதிதாகத் தொடங்கினாலும் இரண்டு சிறப்பு மருத்துவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். எனக்கோ 21 வயதில் இதை எழுதிக்கொடுத்து, ஏழு வருடம் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். கல்யாணம் ஆனதா, குழந்தை வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானாக ஒரு நாள் கேட்டபோதுதான் சீட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர் நிமிர்ந்தார். உங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி மாத்திரையை நிறுத்தாதீர்கள். வலிப்புக்காக எடுப்பவர்கள் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

வால்ப்ரோயேட் எடுக்கும்போதே கர்ப்பமாகிவிட்டேன். என்ன செய்வது?

அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். இன்றோ நாளையோ மருத்துவரைப் பாருங்கள். மனநலத்துக்காக எடுக்கிறீர்கள் என்றால், அனேகமாக வேறு மருந்துக்கு வேகமாக மாற்றுவார். போலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை தொடங்குவார்கள். 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் தண்டுவடத்தையும் இதயத்தையும் நன்றாகப் பார்ப்பார்கள். 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை என்றால் 9 குழந்தைகளுக்கு அது இல்லை என்றும் பொருள். செய்தி தெரிந்த அன்றே "கலைச்சிடு" என்று சொந்தக்காரர்கள் நெருக்கினால், மருத்துவரிடம் பேசாமல் எந்த முடிவும் வேண்டாம் என்று நில்லுங்கள். முடிவு உங்களுடையது.

லித்தியம்?

கர்ப்பத்தில் நான் எடுத்தது இதுதான். குழந்தையின் இதயத்தில் குறை வரும் என்ற பயம் 1970-களிலிருந்து இருக்கிறது. அப்போது சொன்ன அளவுக்கு இல்லை என்று பின்னால் தெரிந்தது. 2017-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், லித்தியம் எடுக்காதவர்களின் குழந்தைகளில் 100-க்கு 1.15 ஆக இருந்த இதயக் குறை, எடுத்தவர்களின் குழந்தைகளில் 2.4. நாளுக்கு 900 மி.கி.க்கு மேல் எடுத்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதனால் எனக்கு அளவைக் குறைத்து, ஐந்தாம் மாதம் குழந்தையின் இதயத்துக்குத் தனியாக எக்கோ எடுத்தார்கள்.

கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வேலை செய்வதால் லித்தியம் உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், கடைசி மாதத்தில் வாராவாரம். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒவ்வொரு ரிசல்ட்டையும் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைப்பேன். 0.7, 0.6 என்று வந்துகொண்டிருந்தது ஐந்தாம் மாதம் 0.4 ஆனது. அந்த வாரம் எனக்கு இரண்டு மணிக்கே விழிப்பு வந்து, பீரோவை அடுக்கிக்கொண்டிருந்தேன். அளவை ஏற்றியதும் அடங்கியது. அந்தத் தாள் மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

மசக்கையில் விடாமல் வாந்தி எடுத்தால் எதிர்த்திசையில் பிரச்சினை. உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ஏறி விஷமாகலாம். கை நடுக்கம், நாக்குக் குழறல், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள், அவையும் லித்தியத்தை ஏற்றிவிடும். பிரசவ வலி கண்டதும் அடுத்த வேளையை நிறுத்திவைத்து ரத்தம் பார்ப்பது வழக்கம். அதை முன்பே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன்.

செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளூவாக்செட்டின் போன்றவை உலகம் முழுக்க லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் எடுத்தவை. பெரிய பிறவிக் குறையைக் குறிப்பிடும்படி கூட்டுவதாகத் தெரியவில்லை. பராக்செட்டினை மட்டும் முதல் மூன்று மாதத்தில் கூடுமானவரை தவிர்ப்பார்கள். கடைசி மாதங்களில் எடுத்தால் பிறந்த குழந்தை இரண்டு மூன்று நாள் சிணுங்கலாக, நடுக்கத்தோடு இருக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். நுரையீரல் ரத்தக்குழாய் உயர் அழுத்தம் என்ற அரிதான தொல்லை 1000 குழந்தைகளில் 2 பேருக்கு வருவது 3 ஆகலாம். ஒரு மாத்திரையில் நன்றாக இருக்கிறீர்கள் என்றால், "இன்னும் பாதுகாப்பானது" என்று கேள்விப்பட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ரிஸ்பெரிடோன் எடுக்கிறேன், மாதவிடாயே வருவதில்லை. குழந்தை உண்டாகுமா?

மனச்சிதைவு போன்றவற்றுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோனும் அமிசல்பிரைடும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். அதனால் மாதவிடாய் நிற்கும், சிலருக்கு மார்பில் பால் கசியும். இது தெரியாமல் இரண்டு வருடம் குழந்தையின்மை சிகிச்சைக்கு அலைந்து, நகையை அடகு வைத்த ஒரு தங்கை எனக்குத் தெரியும். குழந்தைப்பேறு மருத்துவரிடம் மனநல மாத்திரையைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. ஒரு ரத்தப் பரிசோதனையில் புரோலாக்டின் அளவு தெரிந்துவிடும். அரிப்பிப்ரசோல், குவெட்டியாபின் போன்றவற்றுக்கு மாற்றினால் பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. அப்போது எதிர்பாராத நேரத்தில் கர்ப்பமாகவும் வாய்ப்பு உண்டு, கவனம்.

ஒலான்சபின், குவெட்டியாபின் எடுப்பவர்களுக்கு எடையும் சர்க்கரையும் ஏறும். கர்ப்பத்துக்கு முன்பே எடையைக் கொஞ்சம் குறையுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் டெஸ்டைத் தவறவிடாதீர்கள்.

தூக்க மாத்திரை?

குளோனசெபாம், லோராசெபாம் வகையைக் கர்ப்பத்துக்கு முன்பே மெல்லக் குறைத்து விட முடிந்தால் நல்லது. பல மாதம் எடுத்தவர்கள் ஒரே நாளில் விடக் கூடாது, வலிப்பு வரலாம்.

போலிக் ஆசிட் எவ்வளவு?

கர்ப்பமாவதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே தொடங்கி, 12 வாரம் வரை. எல்லாப் பெண்களுக்கும் நாளுக்கு 400 மைக்ரோகிராம். வலிப்புக்கும் கொடுக்கும் கார்பமாசெபின் போன்ற மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், முன்பு தண்டுவடக் குறையுள்ள குழந்தை பெற்றவர்களுக்கு 5 மி.கி. எழுதுவார்கள். போலிக் ஆசிட் எடுக்கிறோமே என்று வால்ப்ரோயேட்டைத் தொடரலாம் என நினைக்க வேண்டாம், அந்த ஆபத்தை இது ஈடுகட்டாது.

மாத்திரை எடுப்பவர் என் கணவர். பாதிப்பு உண்டா?

பெரும்பாலான மருந்துகளுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. வால்ப்ரோயேட் மட்டும் விதிவிலக்கு. கரு உண்டாவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் தந்தை அதை எடுத்திருந்தால் குழந்தையின் வளர்ச்சி சற்றுப் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2024 ஜனவரியில் எச்சரித்தது. பெண்ணுக்கு உள்ளதைவிட இது மிகக் குறைவு. அவரும் மருத்துவரிடம் பேசட்டும். தாம்பத்திய ஆசை குறைவது, விந்து வெளிப்படாதது போன்றவற்றையும் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையால் வந்தது என்றால் மாற்ற வழி இருக்கிறது.

குழந்தைக்கும் இந்த நோய் வருமா?

பெற்றோரில் ஒருவருக்கு மனச்சிதைவோ பைபோலாரோ இருந்தால் குழந்தைக்கு வர 100-க்கு சுமார் 10 வாய்ப்பு. மற்றவர்களின் குழந்தைகளுக்கு அது ஒன்று அல்லது இரண்டு. கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. வந்தாலும் என்னவென்று தெரிந்த அம்மா வீட்டில் இருப்பாள்.

மாத்திரை எடுப்பதைச் சொல்லாமலே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வேன்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அரிசி டிரம்முக்குள் அட்டையைப் புதைத்துவைத்து, கை விட்டுத் துழாவி எடுத்துப் போடும் பெண்ணோடு பேசியிருக்கிறேன். "விசேஷம் உண்டா?" என்று மாதாமாதம் கேட்கும் வீட்டில் ஒளித்து ஒளித்து எத்தனை நாள்? ஒரு வேளை தவறும், பிறகு ஒரு வாரம் தவறும், அப்புறம் நோய் எல்லோர் முன்னாலும் வந்து நிற்கும்.

கர்ப்ப காலத்தை மறைவில் ஓட்ட முடியாது. ரத்தப் பரிசோதனை, கூடுதல் ஸ்கேன், பிரசவத்துக்குப் பின் தூக்கம், எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒருவராவது துணை வேண்டும். முதலில் கணவர். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால், "அவரை அழைத்து வருகிறேன், நீங்கள் சொல்லுங்கள் டாக்டர்" என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அடிதடிக்குப் பயப்படும் வீடு என்றால் மட்டும் முதலில் உங்கள் அம்மா அப்பாவிடமும் மருத்துவரிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மாமியார், "மாத்திரையை விட்டுட்டுக் குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் இருந்துட்டு வா" என்கிறார்.

போய்விட்டு வாருங்கள். மாத்திரைப் பையோடு போங்கள். பெருமாள் மாத்திரையை விடச் சொல்லவில்லை என்று அத்தையிடம் பணிவாகச் சொல்லலாம். நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தால், அந்தப் பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டாமல் சாப்பிடாதீர்கள்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன். என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

நம் ஊரில் சரியாக, மருந்தளவு மாற வேண்டிய நேரத்தில்தான் ஊர் மாறுகிறோம். வளையல் அடுக்கிக் காரில் ஏற்றிவிடுகிறார்கள், பழைய ஓ.பி. சீட்டு மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு மாத மாத்திரை, கடைசி ரத்த ரிசல்ட், மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றைத் தாய்சேய் நல அட்டையோடு ஒரே ஃபைலில் வையுங்கள். போகும் ஊரின் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்றைக்கு நடக்கிறது என்று முன்பே கேட்டுவையுங்கள். அங்குள்ள மகப்பேறு மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் "இதெல்லாம் எதுக்கு, நிறுத்திடுங்க" என்றால், நிறுத்துவதற்கு முன் மனநல மருத்துவரிடம் ஒரு வார்த்தை போனில் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு?

கர்ப்பத்தைவிட நான் பயந்தது இந்தக் காலத்துக்குத்தான். சாதாரணமாக 1000 பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பிரசவகால மனப்பிறழ்வு, பைபோலார் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. பழைய ஆட்கள் பிரசவ ஜன்னி என்பார்கள், சிலர் காத்துக் கருப்பு என்று பூசாரியைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் இருப்பது, ஓயாத பேச்சு, வீட்டு ஆட்கள் மீது சந்தேகம், "இது என் குழந்தை இல்லை" என்ற எண்ணம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையையோ தன்னையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அவரைத் தனியே விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தூக்கம் இங்கே மருந்துக்குச் சமம். எங்கள் வீட்டில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 4 மணி வரை குழந்தை அம்மாவிடம். நான் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையில் தூங்குவேன். முதல் வாரம் குற்ற உணர்வில் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டேன். பிறகு தூங்கப் பழகிக்கொண்டேன்.

உள்நோயாளியாகச் சேர வேண்டியிருந்தாலும் குழந்தையைப் பிரிக்க வேண்டும் என்பதில்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் உள்ள தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்து தங்கவே தனிப் பிரிவு இருக்கிறது.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

செர்ட்ரலின் போன்ற பல மாத்திரைகள் பாலில் கொஞ்சமே வருகின்றன, கொடுக்கலாம். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் எடுத்தால் கூடாது. லித்தியம் எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். நான் கொடுக்கவில்லை. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் "பால் ஊறலையா?" என்று கேட்டார்கள், மற்றவர்கள் கேட்காமல் பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் என் அம்மா சொன்ன பதில், "டாக்டர் சொல்லியிருக்கார்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

யாரிடம் கேட்பது? போனால் என்ன கேட்பது?

இப்போது பார்க்கும் மனநல மருத்துவரிடமே தொடங்குங்கள். மருத்துவர் இல்லாத ஊர் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஓ.பி. கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதனால் வாயால் சொல்லத் தொடங்காமல் ஒரு தாளில் எழுதி முதலிலேயே நீட்டுங்கள். மேலே: "ஒரு வருடத்துக்குள் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறேன்." அதன் கீழே இந்தக் கேள்விகள்: இந்த மாத்திரைகளில் எதை மாற்ற வேண்டும்? மாற்ற எவ்வளவு காலம் ஆகும்? அதுவரை எந்தக் கருத்தடை? போலிக் ஆசிட் எவ்வளவு? நாள் தள்ளிப்போனால் யாருக்குப் போன் செய்வது? பிரசவம் முடிந்த அன்று என்ன மாத்திரை, எவ்வளவு? பதிலுக்குக் கீழே இடம் விட்டு எழுதுங்கள், அவர் கையாலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். என் ஃபைலின் உட்பக்கத்தில் அந்தத் தாளைத்தான் ஒட்டியிருந்தேன். பிரசவ அறையில் நர்ஸ் கேட்டபோது என் கணவர் அதைத்தான் பிரித்துக் காட்டினார்.